சீனப் பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்களா? தொடங்கும் முன் படியுங்கள்

சீனாவுக்குப் படிக்கவோ குடும்பத்தோடோ வந்த நம்மவர்களை அக்கம்பக்கத்தார் எப்படியும் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: "எங்கள் பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?" சரி என்று சொல்லிவிட்டு முதல் நாள் போய் உட்கார்ந்தால், எங்கே பிடித்து எங்கே முடிப்பது என்று தெரியாது. நமக்குத் தெரிந்த ஆங்கிலப் பாடம் வேறு, அவர்கள் எழுதும் தேர்வு வேறு. எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாததால் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படித் தடுமாற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. இலக்கண விதிகளின் பெயர்களை உங்களைவிட நன்றாகவே ஒப்பிப்பார்கள். அந்த விதிகளை வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதிப் பார்க்கத்தான் அவர்களுக்கு நேரமும் இல்லை, திருத்த ஆளும் இல்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருடைய பத்தியையும் வரிவரியாகத் திருத்த எந்த ஆசிரியராலும் முடியாது. நீங்கள் உதவ வேண்டியது அங்கேதான்.

1. விசாவைப் பார்த்துவிட்டு வாய் கொடுங்கள்

எஸ்1 விசாவில் குடும்பத்தோடு வந்திருந்தால் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. எக்ஸ்1 விசாவில் படிப்பவர்கள் பகுதிநேரமாக வேலை செய்ய, பல்கலைக்கழகத்தின் சம்மதம் வேண்டும். குடியிருப்பு அனுமதியிலும் அதற்கான குறிப்பு ஏறியிருக்க வேண்டும். வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் அதில் பெயர் உள்ள நிறுவனத்தில் மட்டுமே உரிமை. "டியூஷன்தானே, யாருக்குத் தெரியப் போகிறது" என்று இருந்துவிடாதீர்கள். 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குடிவரவுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை மோசமென்றால் அதோடு 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. நாட்டைவிட்டு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எம்பிபிஎஸ் படிக்க வந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து தேவையே இல்லை.

எனவே தேவையான அனுமதி கையில் இல்லாவிட்டால் காசு வாங்காதீர்கள். பண்டிகைக்குச் சிவப்பு உறையில் போட்டுக் கொடுத்தாலும், வீசாட் என்ற சீனக் கைபேசிச் செயலியில் அனுப்பினாலும் அது காசுதான். நான் என் சீனப் பேச்சைத் திருத்திக்கொடுக்கச் சொன்னேன்: அரை மணி ஆங்கிலம், கால் மணி சீனம். அவர்களுக்கும் கூச்சம் இல்லை, எனக்கும் பயம் இல்லை.

ஊரில் இருந்தபடியே இணைய வழியில் சீனப் பிள்ளைகளுக்குக் கற்பித்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் யோசியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைப் பயிற்சி நிறுவனங்கள் அமர்த்தக் கூடாது என்று 2021 ஜூலையிலேயே அரசு உத்தரவு போட்டாயிற்று.

2. மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

முதல் சந்திப்பில் பாடம் வேண்டாம். இவற்றை மட்டும் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக எழுதிய மாதத் தேர்வின் கேள்வித்தாளும், திருத்தி வந்த விடைத்தாளும். மதிப்பெண் மட்டும் தெரிந்தால் போதாது, விடைத்தாளே வேண்டும். 150க்கு 105 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வாசிப்பில் ஓட்டை இருக்கும், இன்னொருவருக்கு எழுத்தில் இருக்கும்.

பாடப்புத்தகம். எல்லா மாகாணத்திலும் ஒரே புத்தகம் இல்லை. மக்கள் கல்விப் பதிப்பகத்தின் புத்தகத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். அதில் கட்டாயப் பாகம் மூன்று, அதற்கு மேல் விருப்பக் கட்டாயப் பாகம் நான்கு. பிள்ளை எந்தப் பாகத்தில் எந்த அலகில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எந்த மாகாணத்தில் எழுதப் போகிறது என்ற விவரம். இப்போது படிக்கும் ஊரைக் கேட்டால் போதாது. ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவு இருக்கும் மாகாணத்துக்குத் திரும்பிப் போய் அதை எழுதும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஷாங்காய், பெய்ஜிங், தியான்ஜின் மூன்றுக்கும் தனித்தனித் தாள். ஷாங்காய்த் தாளில் மொழிபெயர்ப்பும் சுருக்கி எழுதுவதும் வரும். இதைக் கேட்காமல் தொடங்கினால், வராத கேள்விக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கூடவே தேர்வு மொழி ஆங்கிலம்தானா என்றும் கேட்டுவிடுங்கள். ஜப்பானியம், ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எடுத்தும் எழுதலாம். ஆங்கிலம் கைவரவில்லை என்று நடுவில் ஜப்பானியத்துக்கு மாறும் பிள்ளைகளும் உண்டு.

3. தாளில் எதற்கு எவ்வளவு

பல மாகாணங்களில் நடக்கும் புதிய தேசியத் தாளை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 150 மதிப்பெண், 120 நிமிடம். கேட்டல் 30. வாசிப்பு 50: நான்கு பத்திகளில் 15 கேள்விகள், அப்புறம் ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தை எடுத்துப் பொருத்தும் பகுதி, எல்லாமே தலைக்கு 2.5. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து கதையின் இடைவெளிகளை நிரப்புவதற்கு 15. இலக்கணக் கோடிட்ட இடங்கள் பத்து, அதற்கும் 15. எழுத்துக்கு 40: சிறு கடிதம் 15, கதையைத் தொடர்ந்து எழுதுவது 25.

இலக்கணத்துக்கு என்று தனியாக இருப்பது 15தான், எழுத்துக்கு 40. ஆனால் வீட்டில் பிள்ளைகள் செலவிடும் நேரம் நேர்மாறாக இருக்கும். கோடிட்ட இடம் நிரப்பினால் உடனே சரி, தவறு தெரிந்துவிடும், மனசுக்கு நிம்மதி. எழுதினால் திருத்த யாரும் இல்லை, அதனால் எழுதுவதே இல்லை.

பெற்றோர் "வெளிநாட்டவர்தானே, பேச்சுப் பழக்குங்கள்" என்பார்கள். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்டோங் போன்ற இடங்களில் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. மற்ற பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண்ணில் பேச்சு சேராது. இதை முதல் வாரத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து மதிப்பெண் ஏறவில்லை என்று மனஸ்தாபம் வரும்.

4. எந்த நேரம் கிடைக்கும்

காலையில் ஏழு மணிவாக்கில் சத்தம் போட்டுப் படிக்கும் வகுப்பு, ராத்திரி ஒன்பது, பத்து மணிவரை பள்ளியிலேயே தனிப்படிப்பு. விடுதிப் பிள்ளை என்றால் வாரத்தில் ஒருநாளோ அரைநாளோதான் வீடு. அந்த அரைநாளில் குளிக்க வேண்டும், தூங்க வேண்டும், அம்மா கையால் சாப்பிட வேண்டும். அதில் இரண்டு மணி நேரம் கேட்காதீர்கள். ஐம்பது நிமிடம் போதும்.

பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது 2021இல் கல்வி அமைச்சகம் விதித்த பொது விதி. எனவே வார நாட்களில் செயலியில் பயிற்சி கொடுத்தால் நடக்காது. செய்ய வேண்டியதைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தனுப்புங்கள். காவ்சான் என்னும் கடைசி ஆண்டுப் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு தாளுக்கு மேல் வேண்டாம், பள்ளியிலேயே மலைபோல் கொடுத்திருப்பார்கள். தொடங்குவதற்கு நல்ல காலம் முதல் ஆண்டின் இரண்டாம் பருவமோ இரண்டாம் ஆண்டோதான். கடைசி ஆண்டு மார்ச்சில் மாதிரித் தேர்வுகள் தொடங்கிய பிறகு வந்து கேட்டால், எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

5. இலக்கணம்: பிள்ளையின் வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்

விதிகள் அடங்கிய புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். பிள்ளை எழுதிய பழைய கட்டுரை ஒன்றிலிருந்து ஐந்து வாக்கியங்களைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எல்லா வினைச்சொற்களுக்கும் அடிக்கோடு. பிறகு ஒரே கேள்வி: "இதில் காலம் காட்டும் வினை எது?"

உதாரணமாக இப்படி எழுதியிருப்பார்கள்: "ஐ வென்ட் டு த லைப்ரரி பாரோட் எ புக்." வென்ட் ஒன்று, பாரோட் ஒன்று, நடுவில் இணைப்பு இல்லை. சீனத்தில் வினை உருமாறாது, இரண்டு மூன்று வினைகளை அப்படியே வரிசையாக வைத்துவிடலாம். நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. "நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வந்தேன்" என்கிறோம். போய், எடுத்து இரண்டும் எச்சம், வந்தேன் மட்டுமே முற்று. ஒரு வாக்கியத்தில் முற்று ஒன்று, மற்றவை குறைந்து நிற்க வேண்டும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஆங்கிலத்தில் 'டு' சேர்ப்பதும் 'இங்' சேர்ப்பதும் ஏறத்தாழ அந்த வேலையைத்தான் செய்கின்றன. சீனப் பிள்ளைக்கு அந்த உணர்வு தாய்மொழியில் கிடையாது. முற்றுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு நீலம் என்று கோடு போடப் பழக்குங்கள். சில வாரங்களில் இரண்டு சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர்களே நிறுத்தி யோசிப்பார்கள்.

'விச்', 'தட்', 'ஹூ' போட்டு எழுதும் துணை வாக்கியம் அடுத்தது. "நேற்று நான் வாங்கிய புத்தகம்" என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் சீனமும் சொல்கிறது: விவரம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலம் தலைகீழ். அதனால் நாம் எங்கே தடுக்கி விழுந்தோமோ அங்கேயேதான் இவர்களும் விழுவார்கள். பிள்ளை சீனத்தில் ஒரு தொடர் சொல்லட்டும். முதலில் பெயர்ச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். எந்தப் புத்தகம், யார் வாங்கியது என்பதைப் பின்னால் ஒட்டட்டும். தினம் மூன்று போதும்.

'எ', 'த' இரண்டுக்கும் விதி சொல்லிப் பயனில்லை. தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. பாடப்புத்தகத்துப் பத்தி ஒன்றில் அவற்றை அழித்துக் கொடுத்து மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். பழகப் பழகத்தான் வரும்.

மற்ற வழக்கமான தவறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'பிகாஸ்' போட்டால் 'சோ'வும் போடுவார்கள், 'ஆல்தோ' போட்டால் 'பட்'டும் வரும். சீனத்தில் அவை ஜோடியாகத்தான் வரும். 'ஐ வெரி லைக்' என்று எழுதுவார்கள். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதால் அவசரத்தில் 'ஹி'யும் 'ஷி'யும் இடம் மாறும். வாக்கியம் முடிந்த பிறகும் கமா போட்டே இழுத்துக்கொண்டு போவார்கள்.

தேர்வின் பத்துக் கோடிட்ட இடங்களில் பெரும்பாலும் ஏழுக்கு மூலச்சொல் கொடுத்திருப்பார்கள், மூன்று வெறுமையாக இருக்கும். வெறுமையானதில் பெரும்பாலும் 'எ', 'த', முன்னிடைச்சொல் ('இன்', 'ஆன்' போன்றவை), இணைப்புச்சொல் இவற்றில் ஒன்றுதான் வரும். நிரப்பி முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் சொல்லச் சொல்லுங்கள். "கேட்டால் சரியாகத் தோன்றுகிறது" என்பதை ஏற்காதீர்கள்.

6. வாசிப்பு: அகராதியை மூடிவைத்துவிட்டு

முதல் பத்தி பெரும்பாலும் அறிவிப்பு அல்லது விளம்பரம், அதில் தகவல் தேடினால் போதும். கடைசி இரண்டும்தான் கடினம். ஏதாவது ஆராய்ச்சியைப் பற்றியோ ஒரு கருத்தைப் பற்றியோ இருக்கும். அகராதி இல்லாமல் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் நாலைந்து சொல்லில் என்ன சொல்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். சீனத்தில் எழுதினாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் கேள்விகள்.

சொல் பட்டியல் பற்றி ஒரு எச்சரிக்கை. காவ்காவுக்கு 3500 சொல் என்று ஒரு பட்டியல் எல்லார் வீட்டிலும் இருக்கும். அகரவரிசையில் தொடங்குவதால் 'ஏ' எழுத்தில் வரும் சொற்கள் மட்டும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கும், நடுவில் போனால் தடுமாற்றம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு சீனப் பொருளை மனப்பாடம் செய்திருப்பது. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, 'அட்ரஸ் த பிராப்ளம்' என்று வந்தால் அந்த வரியே புரியாது. இப்படித் தெரிந்த சொல் தெரியாத பொருளில் வரும் இடங்களுக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் வாக்கியத்தோடு எழுத வேண்டும்.

ஏழில் ஐந்தைப் பொருத்தும் பகுதியில் இடைவெளிக்கு முன்னும் பின்னும் இருக்கும் வாக்கியத்தில் 'திஸ்', 'தே', 'ஹவ்எவர்' போன்ற சொற்களைத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

7. கடிதம்

எழுதுபவர் பெயர் எப்போதும் லி ஹுவா. "நீதான் லி ஹுவா என்று வைத்துக்கொள், உன் ஆங்கில நண்பருக்கு எழுது" என்று வரும்: அழைப்பு, ஆலோசனை, மன்னிப்பு, பரிந்துரை, ஏறத்தாழ 80 சொல். கொடுத்திருக்கும் குறிப்புகள் எல்லாம் இடம்பெற்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பள்ளியிலேயே இதை நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், உங்கள் நேரத்தை இதில் போடாதீர்கள்.

8. கதையைத் தொடர்ந்து எழுதுவது

25 மதிப்பெண். பிள்ளைகள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். முடியாத கதை ஒன்றைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தை மட்டும் தந்துவிடுவார்கள். சுமார் 150 சொல்லில் முடிக்க வேண்டும்.

2023இல் புதிய தேசியத் தாளில் வந்ததை வைத்துச் சொல்கிறேன். ஆங்கிலம் தாய்மொழியில்லாத, எழுதவே பிடிக்காத ஒரு மாணவரை ஆசிரியர் எழுத்துப் போட்டிக்குப் போகச் சொல்கிறார். அமெரிக்க விடுதலைப் போர்க்கால வீரர் பால் ரிவியரின் நள்ளிரவுப் பயணத்தை அவருடைய குதிரை சொல்வதுபோல் அந்த மாணவர் எழுதுகிறார். முதல் பத்தியின் தொடக்கம், சில வாரங்கள் கழித்துப் போட்டியையே ஏறக்குறைய மறந்திருந்தபோது செய்தி வந்தது என்பது. இரண்டாவதன் தொடக்கம், பரிசளிப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குப் போனேன் என்பது.

எழுதும் முன் இரண்டாவது வாக்கியத்தைத்தான் முதலில் பார்க்கப் பழக்க வேண்டும். அது பரிசளிப்புக்குப் பின் நடப்பது. அப்படியென்றால் முதல் பத்தி செய்தியில் தொடங்கிப் பரிசளிப்பில் முடிந்தாக வேண்டும். ஆசிரியரிடம் பேசுவதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால் இரண்டாவதில் சொல்ல ஒன்றும் இருக்காது. நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்த பொறி, மனப்பாட வரிகள். மகிழ்ச்சிக்குப் பத்து வரி, அழுகைக்குப் பத்து வரி என்று அச்சடித்த தாள்கள் கைமாறும். மகிழ்ச்சி அலை அலையாக வந்தது, கண்ணீர் அறுந்த முத்துமாலைபோல் கொட்டியது என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். தெரியாத நேரத்தில் ஒன்றிரண்டு கைகொடுக்கலாம். கதை முழுவதையும் அவற்றால் நிரப்பினால் திருத்துபவருக்குக் கதையே தென்படாது.

நான் உதவிய மாணவி ஒருத்தி இந்தக் கேள்விக்கு முதலில் "ஐ வாஸ் வெரி வெரி ஹேப்பி" என்று எழுதிவிட்டு நின்றுவிட்டாள். செய்தியை யார் கொண்டுவந்தார்கள், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், கையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "ஐ ரெட் த லெட்டர் ட்வைஸ் அண்ட் ஹிட் இட் அண்டர் மை மேத்ஸ் புக்." கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் சந்தோஷமும் நம்ப முடியாத தவிப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. இந்த மூன்று கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

திருத்தும்போது எல்லாத் தவறையும் சிவப்பாக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரே வகைத் தவறு: இந்த வாரம் காலம், அடுத்த வாரம் கமா. பிறகு அதே கதையை மறுபடி எழுத வைக்க வேண்டும். புதிதாக நான்கு கதை எழுதுவதைவிட ஒன்றை இரண்டாம் முறை எழுதுவதில்தான் முன்னேற்றம் தெரிகிறது.

9. கையெழுத்தும் கட்டமும்

விடைத்தாள்களை வருடி எடுத்துத் திரையில்தான் திருத்துகிறார்கள். கட்டத்துக்கு வெளியே போன வரி திருத்துபவரின் கண்ணுக்கே வராது. 0.5 மில்லிமீட்டர் கறுப்புப் பேனா. ஹெங்ஷுயி என்ற ஊரின் பள்ளியால் பெயர் பெற்ற ஒரு உருண்டை எழுத்து இருக்கிறது, அச்சடித்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். அதற்குக் கோட்டு நோட்டுகள் எல்லாப் புத்தகக்கடையிலும் கிடைக்கும். அதையே எழுத வேண்டும் என்றில்லை. எழுத்து சாயாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி இருந்தால் சரி. புத்தகப் பெயருக்குச் சீனத்தின் இரட்டைக் கோணக் குறி, வாக்கிய முடிவில் சீன வட்டப் புள்ளி ஆகியவை ஆங்கிலத்தில் நுழைந்திருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

10. செலவு

பெரிதாக ஒன்றும் இல்லை. பாடப்புத்தகங்களின் மின்பதிப்பு அரசின் தேசியக் கல்வித் தளத்தில் இலவசம். பழைய ஆண்டுகளின் உண்மைத் தாள்களும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பள்ளிக்கு அருகிலுள்ள அச்சுக்கடையில் ஒரு பக்கத்துக்கு ஒரு யுவான்கூட ஆகாது. வாசிப்புக்கு சைனா டெய்லி குழுமத்தின் மாணவர் செய்தித்தாளில் மேல்நிலைப் பதிப்பு இருக்கிறது, பல பள்ளிகளில் மொத்தமாகவே வாங்குவார்கள், பிள்ளையின் பைக்குள் திறக்காமலே கிடக்கும். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். கூகுள், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது என்பதால் பாடக்குறிப்புகளை அவற்றில் சேமிக்காதீர்கள். வீசாட்டில் கோப்பாக அனுப்பிவிடுவதே சுலபம்.

மதிப்பெண் உறுதி என்று சொல்லிப் பல ஆயிரம் யுவான் கேட்கும் வகுப்புகளைப் பற்றிப் பெற்றோர் உங்களிடம் கருத்துக் கேட்பார்கள். "ஒரு வகுப்பில் எத்தனை பேர், பிள்ளை எழுதியதை யார் திருத்துவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

11. கடைசி ஒரு மாதம்

மே மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஞாயிறு மதியம் 3 மணி முதல் 5 மணி வரை ஒரு முழுத் தாள் எழுதட்டும். தேசியத் தாளில் ஆங்கிலம் ஜூன் 8 அன்று அதே நேரத்தில்தான் வரும். நேரப் பங்கீட்டுக்கு நான் சொல்வது: கேட்டலுக்கு 20 நிமிடம், வாசிப்புப் பகுதி முழுவதற்கும் 42, இரண்டு இடைவெளிப் பகுதிகளுக்கும் சேர்த்து 22. மிச்சம் 36 நிமிடத்தில் கடிதத்துக்கு 12, கதைக்கு 24. பிள்ளையின் வேகத்தைப் பொறுத்து இதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கதைக்கு 20 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே கூடாது.

ஆங்கிலத் தேர்வில் கேட்டல் பகுதி இருப்பதால் மற்ற பாடங்களைப் போலத் தாமதமாக உள்ளே போக முடியாது. தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே, அதாவது 2:45க்கே, கதவை அடைத்துவிடுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தூங்கும் பழக்கம் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இரண்டு அலாரம் வைக்கச் சொல்லி அம்மாவிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.